நாடாளுமன்ற ஃபெலோஷிப்பில் அலுவலகம் தேர்ந்தெடுத்தல்: குமரி மாவட்டப் பொறியாளர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் மேற்படிப்புக்கும் வேலைக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் ஓராண்டு உதவியாளராக இருக்கும் ஃபெலோஷிப்புக்குத் தேர்வாகி, சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு சிவில் பொறியாளரின் அனுபவத்தை அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவர் பெயர், ஊர், ஃபெலோஷிப்பை நடத்திய அமைப்பு, உறுப்பினர்களின் பெயர், கட்சி எதையும் தரவில்லை. பொறியியல் படித்துவிட்டுச் சட்டமன்றம், நாடாளுமன்றம் பக்கம் போக நினைப்பவர்கள் குமரி மாவட்டத்தில் இப்போது கூடிவருகிறார்கள். எந்த உறுப்பினரிடம் போய்ச் சேருவது என்ற கேள்விக்கு அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் கேள்விப்பட்ட கதைகளாகவே இருக்கிறது. அதனால் ஒரு நிகழ்வையாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

பொறியாளர் கல்குளம் தாலுகாவின் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். அப்பா வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இவர் கல்லூரியில் இரண்டாமாண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் அவர் தெருவிலும் உண்டு. பி.இ. முடித்த பிறகு தனியார் நிறுவனம் ஒன்றில் துறைமுகங்களுக்கான கடலடி ஆழ அளவீட்டுப் பணியில் சேர்ந்தார். ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவியைப் படகில் கட்டிக்கொண்டு, துறைமுக வாயில் எவ்வளவு மணல் மூடியிருக்கிறது என்று அளந்து வரைபடம் போடுவது வேலை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் மேடிட்டு, அலையில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போவது இந்த மாவட்டத்தில் ஆண்டாண்டாக நடப்பது. ஆனி ஆடியில் கடல் ஊருக்குள் வருவதும், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கேட்டு மக்கள் சாலையில் உட்காருவதும் அப்படித்தான். தன்னைப் போன்றவர்கள் எடுக்கும் அளவுகள் அறிக்கையாகி அலமாரியில் ஏறிவிடுகின்றன, முடிவு எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பது அவருடைய ஆதங்கம். அதனால்தான் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஓராண்டு சட்டமியற்றல் உதவியாளராக இருக்கும் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தார்.

இந்தியாவில் இந்த வகைத் திட்டங்களில் அதிகம் தெரிந்தது 2010-இல் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கிய லாம்ப் ஃபெலோஷிப். அதே போக்கில் வேறு சிலவும் நடக்கின்றன. பொதுவாக ஜூலையில் மழைக்காலக் கூட்டத்தொடரை ஒட்டித் தொடங்கி, அடுத்த ஆண்டு பட்ஜெட் கூட்டத்தொடரோடு முடியும். உறுப்பினருக்குக் கேள்விகள் வரைவது, மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவது, பேச்சுக்கான தரவு திரட்டுவது ஆகியவை வேலை. இவர் சேர்ந்த திட்டத்தில், தேர்வானவர்கள் விருப்பமுள்ள அலுவலகங்களோடு பேசி, வரிசைப்படுத்தி முன்னுரிமை தர வேண்டும். மூன்று அலுவலகங்கள் இவரைப் பார்க்க ஒப்புக்கொண்டன. அந்த நேரத்தில்தான் எங்களிடம் வந்தார்.

மூன்று அலுவலகங்கள்

அலுவலகம் அ: தமிழ்நாட்டின் ஒரு கடலோரத் தொகுதியைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர். தமிழில் பேசலாம், கடல் பிரச்சினை தெரிந்தவர். அவருடைய டெல்லி அலுவலகத்தின் பெரும்பகுதி நேரம் தொகுதி மக்களின் கடிதங்களிலேயே போய்விடும். ரயில் டிக்கெட்டுக்கு அவசர ஒதுக்கீட்டுக் (இ.க்யூ.) கடிதம், எய்ம்ஸில் சிகிச்சைக்குப் பரிந்துரை, பிரதமர் நிவாரண நிதிக்கு விண்ணப்பம், வெளிநாட்டில் சிக்கிய மீனவருக்காகத் தூதரகத்துக்கு மனு என்று நாள் முழுக்க வரும்.

அலுவலகம் ஆ: கிழக்குக் கரையின் வேறொரு மாநிலத்தைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர். அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்றம் தொடர்பான நிலைக்குழுவில், அதாவது அந்தத் துறைகளின் மசோதாக்களையும் செலவையும் ஆராயும் நாடாளுமன்றக் குழுவில், அப்போது உறுப்பினராக இருந்தார். கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இந்தக் குழு பார்க்கும் துறைக்குள் வருகிறது. அலுவலகத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

அலுவலகம் இ: தொலைக்காட்சியில் அடிக்கடி தெரியும் மூத்த தலைவர். ஊரில் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே நான்கைந்து ஆய்வு உதவியாளர்கள் இருந்தார்கள்.

வீட்டில் யோசனை எதுவும் இல்லை, முடிவே எடுத்திருந்தார்கள். அவர் அப்பா என்னிடம் சொன்னது இது: “சார், நம்ம கடக்கரைக்கு எதாவது செய்யணும்னா நம்ம தமிழ் ஆளுகிட்டதானே போவணும்? வேற ஸ்டேட்காரருக்கு நம்ம மண்ணு மூடுறது எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடாமல் வேறு அலுவலகத்தைத் தேர்வு செய்யக் கூடாது என்று அவரிடம் சொன்னேன்.

கவனித்தவை

முதல் வேலையாக, மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் மூன்று உறுப்பினர்களும் முந்தைய கூட்டத்தொடர்களில் கேட்ட கேள்விகளை எல்லாம் இறக்கிப் படித்தார். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், ஒரே விஷயத்தைத் தொடர்ந்து கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள் என்று சொல்லியிருந்தோம். ஒரு கேள்விக்கு வந்த மழுப்பலான பதிலை அடுத்த கூட்டத்தொடரில் திரும்பப் பிடித்திருந்தால், அந்த அலுவலகத்தில் பதிலை யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஆ’ உறுப்பினரிடம் அந்தத் தொடர்ச்சி தெரிந்தது. ‘அ’ தொகுதி சார்ந்த கேள்விகளை நிறையக் கேட்டிருந்தார், ஒவ்வொன்றும் தனித்தனி. ‘இ’ கேள்வி கேட்டது குறைவு, விவாதங்களில் பேசியது அதிகம்.

அடுத்து, மூன்று அலுவலகங்களிலும் ஒரே கேள்விகளைக் கேட்டார். நான் எழுதும் வரைவை முதலில் யார் படிப்பார்? உறுப்பினரை வாரத்தில் எத்தனை முறை நேரில் பார்க்க முடியும்? எனக்கு முன் இருந்தவர் எழுதியதில் எது அவைக்குப் போனது? முன்பு அங்கே பணியாற்றியவர்களையும் தேடிப் பிடித்துப் பேசினார். ‘ஆ’ அலுவலகத்தில் இருந்த ஒருவர், “இரவு அனுப்பினால் காலையில் சிவப்பு மையோடு திரும்பி வரும்” என்றார். உட்கார மேசை கிடையாது, வராந்தாவை ஒட்டிய அறையில் ஆளோடு ஆளாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ‘இ’ அலுவலகத்தில் இருந்தவருக்கு உறுப்பினரோடு தனியாகப் பேசிய நினைவே இல்லை. அவர் செய்தது பத்திரிகைச் செய்திகளைத் தொகுப்பதும் சமூக ஊடகப் பதிவுகளும்.

மூன்றாவதாக ஒன்று. அவருடைய பழைய நிறுவனம் ‘அ’ உறுப்பினரின் தொகுதியில் உள்ள ஒரு துறைமுகத்தில் அளவீடு செய்திருந்தது. அதில் இவரும் படகில் போனவர். இதை மூன்று அலுவலகங்களிலும் தானாகவே சொன்னார். ‘அ’ அலுவலகத்தின் பி.ஏ., “அதெல்லாம் பரவாயில்லம்மா, நல்லதுதான்” என்றார். ‘இ’ அலுவலகத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ‘ஆ’ உறுப்பினர் அதை எழுத்தில் கேட்டு வாங்கினார். அந்த நிறுவனம் தொட்ட எந்தத் திட்டத்தைப் பற்றியும் கேள்வி வரையக் கூடாது என்றார். உங்கள் குடும்பத்தின் தொழிலைப் பற்றி எழுதும்போது எதிர்த்தரப்பு வாதத்தையும் அதே நீளத்தில் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அந்த ஒரு பேச்சே போதுமானதாக இருந்தது. பொறியாளர் மட்டும் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தார்.

முடிவும் காரணங்களும்

பொறியாளர் அல்லவா, எக்செல்லில் ஒரு மதிப்பீட்டு அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். பாடப் பொருத்தம் (தன் பாடமான கடல் அங்கே எவ்வளவு கையாளப்படும் என்பது), உறுப்பினரை அணுகும் வாய்ப்பு, கற்றுக்கொள்ளக் கிடைப்பது, மொழி, தொகுதி என்று வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் எடை. பாடப் பொருத்தத்துக்குத்தான் ஆக அதிக எடை கொடுத்திருந்தார். ‘ஆ’ முதலிடம், ‘அ’ சற்றே பின்னால்.

அந்த அட்டவணையை வைத்தே அவருக்குப் பழகிய ஒரு சோதனையைச் செய்யச் சொன்னேன். ஒரு உள்ளீட்டை மாற்றினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள், பாடப் பொருத்தத்தின் எடையைப் பூஜ்யமாக்குங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கடலுக்காகத்தானே போகிறேன், அதை எப்படி சார் பூஜ்யம் என்று வைக்க முடியும் என்று கேட்டார். இருந்தாலும் செய்து பார்த்தார். இடைவெளி குறைந்தது, ஆனாலும் ‘ஆ’ முதலிடத்திலேயே இருந்தது. வரைவை உறுப்பினரே படிக்கிறார், திருத்துகிறார், ஆள் குறைவு என்பதால் வேலை கைக்கு வரும் என்ற காரணங்கள் தனியாகவே அதைத் தாங்கின.

அப்பாவின் கேள்விக்கும் பதில் வேண்டியிருந்தது. நாங்கள் பேசி வந்து சேர்ந்த பதில் இது. மீன்பிடித் துறைமுகத்தைக் கட்டி நடத்துவது மாநில அரசு. பெருந்துறைமுகங்கள் தவிர்த்த மற்றவை மாநிலத்தின் கையில் இருக்கின்றன. அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் வருகிறது, கரையோரக் கடல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மட்டுமே ஒன்றியப் பட்டியலில். ஆக, டெல்லியில் கேட்க முடிவது ஒன்றிய அரசின் நிதி, ஆய்வு, ஒழுங்குமுறை பற்றித்தான். அதைக் கேட்க எந்த மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினருக்கும் உரிமை உண்டு, நன்றாகக் கேட்கத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்வது ஊருக்கும் பயன்தான். அப்பா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “சரி மக்ளே, ஒனக்குச் சரின்னு பட்டா போ” என்று விட்டுவிட்டார்.

‘அ’ அலுவலகத்தைத் தேர்வு செய்திருந்தால் அது தாழ்ந்த தேர்வாக இருந்திருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டுச் சிறையில் இருக்கும் மீனவருக்காக நாலு மனு எழுதுவதும் மக்கள் பணிதான். தொகுதி அரசியலில் இறங்க விரும்பும் இளைஞருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. இவருக்கு வேண்டியிருந்தது வேறு.

அக்டோபரில் மாறியது

முதல் சில மாதங்களிலேயே இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. நிலைக்குழுக் கூட்டத்துக்குள் உறுப்பினரின் உதவியாளர்கள் போக முடியாது. கூட்ட நடவடிக்கைகள் ரகசியமானவை, அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை வெளியே பேசக் கூடாது. எந்தக் குழுவுக்காக இந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தாரோ அந்தக் குழுவின் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. பொதுவெளியில் இருக்கும் ஆவணங்களை வைத்துப் பின்னணிக் குறிப்பு எழுதித் தரலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது இன்னும் பெரியது. துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். உறுப்பினர்களின் பதவிக்காலம் ஓராண்டு. வழக்கமாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் குழுக்கள் திருத்தியமைக்கப்படும். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த பட்டியலில் ‘ஆ’ உறுப்பினர் ஊரக வளர்ச்சிக் குழுவுக்கு மாறியிருந்தார். ஒரு பட்டியல், ஒரே நாளில், பாடப் பொருத்தம் என்பதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

அன்று இரவு போனில் பேசியபோது குரலே சரியில்லை. அலுவலகத்தை மாற்றிக் கேட்கலாமா என்ற யோசனையில் இருந்தார். அவசரப்பட வேண்டாம், அட்டவணையில் நீங்கள் பூஜ்யம் போட்டுப் பார்த்த நிலைமைதானே இப்போது வந்திருக்கிறது என்றேன். மறுநாள் உறுப்பினரிடமே போய்க் கேட்டிருக்கிறார், இனி நான் உங்களுக்கு எதற்குப் பயன்படுவேன் என்று. உறுப்பினர் பிரதமர் கிராம சாலைத் திட்டத்தின் ஆவணக் கட்டு ஒன்றை நீட்டி, “நீங்கள் சிவில் பொறியாளர்தானே, சாலை கடலைவிடக் கடினமா?” என்று கேட்டாராம். இருந்துவிட்டார்.

சாலை வேலை

பிரதமர் கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது. சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலைப்பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும் குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலை என்பது அதன் முதல் இலக்கு. கட்டிய ஒப்பந்ததாரரே முதல் ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும், அந்தச் செலவு மாநிலத்தினுடையது. இ-மார்க் என்ற மென்பொருள் வழியாக, சாலை எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பராமரிப்புத் தொகை வழங்கப்படுகிறது.

இங்கேதான் அவருடைய தொழிலறிவு வேலைக்கு வந்தது. போடப்பட்ட சாலையின் கிலோமீட்டரை எல்லா அறிக்கையும் சொல்கிறது. ஐந்தாண்டு முடிந்த பின் அதே சாலை எப்படி இருக்கிறது என்பதை எங்கே, யார் அளக்கிறார்கள் என்று அவர் கேட்டார். இரண்டு பருவமழையும் வாங்கும் குமரியில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி தானாக வரும். வடிகால் இல்லாத சாலை இங்கே எத்தனை மழை தாங்கும் என்பது சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கே தெரியும். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகையான மானியக் கோரிக்கைகளைக் குழுக்கள் பரிசீலிக்கும் சமயம், இதைப் பற்றி உறுப்பினருக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தார். முதல் வரைவு பல பக்கம், வரைபடங்களோடு. உறுப்பினர் அதைத் திருப்பி அனுப்பி, ஒரே பக்கத்தில் தரச் சொன்னார். எண் ஒன்று சொன்னால் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்பலாம் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும் என்றார். பலமுறை போய்வந்து கடைசியில் ஒரு பக்கம் ஆனது. கூட்டத்தில் அது எப்படிப் பயன்பட்டது என்று அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

கடல் பற்றிய கேள்விகள்

கடலை அவர் விட்டுவிடவில்லை. குழு மாறினாலும் கேள்வி நேரம் எல்லா உறுப்பினருக்கும் உண்டு. மாநிலங்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 15, எழுத்தில் பதில் வரும் குறியிடாத கேள்விகள் 160. நோட்டீஸ் பதினைந்து நாள் முன்பே போக வேண்டும், ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் தனி நாள் உண்டு, எது முதலில் என்பது குலுக்கலில். கூட்டத்தொடரே சில வாரங்கள்தான். அதனால் கூட்டம் தொடங்கும் முன்பே கேள்வி தயாராக இருக்க வேண்டும் என்பது புதிதாக வருபவர்கள் பலருக்கும் தெரிவதில்லை.

துறைமுக வாயில்களில் மணல் சேர்வது பற்றி அவர் வரைந்த முதல் கேள்வி அனுமதிக்கப்படவில்லை. காரணம், முதன்மையாக அது மாநில அரசின் பொறுப்பு. அப்பாவிடம் பேசிய அதே சட்டப்பிரிவு இப்போது தன் கேள்விக்கே வந்து குறுக்கே நின்றது. அடுத்த முறை கேள்வியைப் புவி அறிவியல் அமைச்சகத்துக்குத் திருப்பினார். அந்த அமைச்சகத்தின் கீழ் வரும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து, இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்று கண்டிருக்கிறது. அந்த ஆய்வின் வரைபடங்கள் கரையோர மாநிலங்களுக்கு எப்படித் தரப்படுகின்றன, தடுப்புக் கட்டுமானம் திட்டமிடும்போது அவை பயன்படுகின்றனவா என்று கேள்வி கேட்கப்பட்டது. அனுமதி கிடைத்தது, எழுத்தில் பதிலும் வந்தது. பதில் முழுத் திருப்தி தரவில்லை. உறுப்பினர் அதன் மேல் அடுத்த கேள்வியை எழுதச் சொன்னார்.

தூண்டில் வளைவு பற்றி இரு பக்கமும் எழுதச் சொன்ன நிபந்தனை அவரை ரொம்பவே சோதித்தது. ஓர் ஊரில் போடும் வளைவு மணல் நகர்வைத் தடுத்து அடுத்த ஊரின் கரையை அரிக்கக்கூடும் என்பது கடலோரப் பொறியியலில் அடிப்படைப் பாடம். அவருக்கும் தெரியும். ஆனால் கேட்பது சொந்த ஊர் ஆட்கள். உண்மையை அப்படியே எழுதினார். அந்தக் குறிப்பை நான் வாசித்திருக்கிறேன். கடற்கரையின் வலியும் பொறியாளரின் நேர்மையும் ஒரே பக்கத்தில் இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆண்டு முடிவில்

பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்ததும் ஃபெலோஷிப்பும் முடிந்தது. உறுப்பினர் மேலும் ஓராண்டு இருக்கச் சொன்னார், இவர் ஊர் திரும்பினார். இப்போது கடலோர ஆய்வுப் பணியில் இருக்கிறார், அறிக்கைகளின் முதல் பக்கத்தை எழுதும் பொறுப்பு அவருடையது. துறைமுக வாயில் மணல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஒருவருடைய ஓராண்டுப் பணி அதை மாற்றும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு அந்த வருத்தம் உண்டு, அதை அவர் மறைப்பதும் இல்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

குழு உறுப்பினர் பொறுப்பு எப்போது முடிகிறது என்பதை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்கிறார். ஃபெலோஷிப் நடத்துபவர்களும் அறிமுக வாரத்திலேயே, குழுக்கள் இடையில் மாறும், உதவியாளருக்கு உள்ளே அனுமதி இல்லை என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் நல்லது. இது மறைக்க வேண்டிய செய்தி அல்ல.

இந்தியைப் பற்றி அவர் குறைத்து எடைபோட்டிருந்தார். உறுப்பினரோடு ஆங்கிலம் போதும். அமைச்சகத்தில் ஒரு கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரிக்க இந்தி வேண்டும். இங்கிருந்து போகிறவர்கள் பேச்சு இந்தியாவது கற்றுக்கொண்டு போனால் முதல் இரண்டு மாதம் வீணாகாது.

வட்டிக்குக் கடன் வாங்கித்தான் டெல்லியில் அறைக்கு முன்பணம் கட்டினார். உதவித்தொகை வரும்வரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும் என்பதை நாங்கள் இப்போது முதல் சந்திப்பிலேயே பேசுகிறோம், குறிப்பாகக் கடற்கரை ஊர்களிலிருந்து வருபவர்களிடம்.

விண்ணப்பதாரர்களுக்கு நாங்கள் கொடுக்கும் கேள்வித்தாளிலும் வரிசை மாறியிருக்கிறது. உங்கள் பாடம் எந்த உறுப்பினரோடு பொருந்துகிறது என்ற கேள்வி முன்பு முதலில் இருந்தது, இப்போது கடைசியில் இருக்கிறது. வரைவை யார் படிக்கிறார், எவ்வளவு நேரத்தில் திருப்பித் தருகிறார், உங்களுக்கு இருக்கும் சொந்த நலனைச் சொன்னபோது என்ன கேட்டார் என்பவை மேலே வந்துவிட்டன. பழைய உதவியாளர் ஒருவரிடமாவது பேசிவிட்டுத்தான் முன்னுரிமைப் பட்டியலை அனுப்ப வேண்டும் என்பதும் அந்தத் தாளில் சேர்ந்திருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் பேச இந்தப் பொறியாளரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.